சிங் காலச் சீனக் காசுகளை அடையாளம் காணவும் சேகரிக்கவும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

நடுவில் சதுரத் துளையும், அதைச் சுற்றி நான்கு சீன எழுத்துகளும், பின்புறம் மேலிருந்து கீழாக இறங்கும் வேறொரு எழுத்தும் கொண்ட பித்தளைக் காசு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்ட சிங் அரசமரபின் காசு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இந்தக் காசுகள் கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டவை. அதனால் சாதாரண வகைகள் இன்றும் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. சீன மொழி தெரியாத ஒருவர்கூட ஒரு வாரப் பயிற்சியில் இவற்றில் பெரும்பாலானவற்றை அரசர், நாணயச்சாலை வரை அடையாளம் கண்டுவிட முடியும். பழைய நாணயங்களைக் கற்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான துறையை நான் கண்டதில்லை.

இந்தக் காசுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' என்ற பெயர் நம்முடைய 'காசு' என்ற சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றது. தமிழ் வாசகருக்கு இன்னொரு தொடர்பும் நினைவுக்கு வரலாம். தஞ்சைப் பகுதியில் புதையலாகக் கிடைத்த சீனக் காசுகளில் பெரும்பாலானவை சிங் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சோங் காலத்தவை. துளையும் வட்டமும் ஒன்றே என்றாலும் அவற்றைப் படிக்கும் முறை வேறு என்பதால், இந்தக் கட்டுரை சிங் காசுகளோடு நிற்கிறது.

முதலில் தேவைப்படும் கருவிகள்

விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி வீசும் ஒரு மேசை விளக்கு, ஒரு சிறு காந்தம், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். இவற்றுள் விளக்கைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. தேய்ந்த காசின் எழுத்துகள் நேர் ஒளியில் மறைந்துவிடும். ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கோட்டின் நிழலும் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால், மெல்லிய தாளைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தல்

முன்பக்கத்தில் நான்கு எழுத்துகள் இருக்கும். அவற்றை முதலில் மேல், பிறகு கீழ், அடுத்து வலம், கடைசியாக இடம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள இரண்டும் அரசரின் ஆட்சிப்பெயர். வலமும் இடமும் உள்ளவை பெரும்பாலும் 'தோங்பாவ்', அதாவது 'புழங்கும் செல்வம்' என்ற இரு எழுத்துகள். எல்லா அரசர்களின் சாதாரணக் காசிலும் இவ்விரண்டும் மாறாமல் வருவதால், காசை நிமிர்த்திப் பிடிக்க இவையே துணை. 'தோங்' என்ற எழுத்தில் இடப்பக்கம் இறங்கி அடியில் வலப்புறமாக நீண்டு செல்லும் ஒரு வளைகோடு, படகின் அடிப்பகுதி போலத் தோன்றும். 'பாவ்' என்ற எழுத்தின் தலையில் ஒரு கூரையும், அதனடியில் நெருக்கமான கோடுகளும், கீழே விரிந்த இரு சிறு கால்களும் இருக்கும். படகு வலப்பக்கமும் கூரை இடப்பக்கமும் வரும்படி காசைத் திருப்பினால், அது நேராக நிற்கிறது என்று பொருள்.

இனி மேலெழுத்தையும் கீழெழுத்தையும் பார்க்க வேண்டும். சிங் அரசமரபில் நீண்ட காலம் காசு வெளியிட்ட ஆட்சிப்பெயர்கள் பத்து மட்டுமே. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிலும் கண்ணைக் கவரும் ஓர் உறுப்பைப் பிடித்துக்கொள்வது எளிது.

ஷுன்ஜி (1644–1661): மேலெழுத்தின் இடப்பாதியில் மூன்று செங்குத்துக் கோடுகள் அருகருகே நிற்கும், கீழெழுத்தின் இடப்பக்கம் மூன்று துளிகள் இருக்கும்.
காங்ஷி (1662–1722): கீழெழுத்தின் அடியில் வரிசையாக நான்கு புள்ளிகள்.
யோங்ஜெங் (1723–1735): கீழெழுத்து மூன்று கிடைக்கோடுகளும் இரு செங்கோடுகளும் மட்டும் கொண்ட மிக எளிய வடிவம், மேலெழுத்து அதற்கு நேர்மாறாக அடர்த்தியானது.
சியான்லோங் (1736–1795): மேலெழுத்தின் இடப்பாதியில் ஒரு கூட்டல் குறி, அதன்கீழ் நடுக்கோடிட்ட பெட்டி, அதன்கீழ் மீண்டும் ஒரு கூட்டல் குறி.
ஜியாசிங் (1796–1820): மேலெழுத்து பல அடுக்குகளாக உயர்ந்திருக்கும், நடுவில் ஒன்றும் வலக்கீழ் மூலையில் ஒன்றுமாக இரு சிறு பெட்டிகளைக் காணலாம்.
தாவ்குவாங் (1821–1850): மேலெழுத்திலும் அதே படகுக்கோடு இருப்பதால், ஒரே காசில் இரண்டு படகுகள் தெரியும்.
ஷியான்ஃபெங் (1851–1861): மேலெழுத்தில் வலப்புறம் ஈட்டி போலச் சாய்ந்து இறங்கும் நீண்ட கோடு.
தோங்ஜி (1862–1874): மேலெழுத்து அடி திறந்த பெட்டி, உள்ளே ஒரு கோடும் ஒரு சிறு பெட்டியும்.
குவாங்ஷு (1875–1908): மேலெழுத்தில் ஒரு கிடைக்கோட்டின்மேல் மூன்று சிறு கோடுகள், கீழே இரு கால்கள்.
ஷுவான்தோங் (1909–1911): மேலெழுத்தின் தலையில் கூரை; காசே பெரும்பாலும் மிகச் சிறியது.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு உண்டு. மூன்று துளிகள் கொண்ட எழுத்து ஷுன்ஜி, தோங்ஜி ஆகிய இரு காசுகளிலும் கீழே வருகிறது. எனவே மேலெழுத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. அதுபோல, இரு கால்கள் கொண்ட 'குவாங்' தாவ்குவாங் காசில் கீழேயும் குவாங்ஷு காசில் மேலேயும் நிற்கிறது. எழுத்தைவிட அது நிற்கும் இடமே இங்கே முடிவைச் சொல்கிறது.

பின்பக்கம்

அரசர் பெயரைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி நிறுத்திக்கொள்பவர்கள் பலர். என் கருத்தில், சேகரிப்பின் சுவை முழுவதும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. சியான்லோங் காசு என்று மட்டும் தெரிந்தால் அறுபது ஆண்டுகளின் பரப்பில் எங்கோ நிற்கிறீர்கள். அதை வார்த்த நகரம் தெரிந்துவிட்டால், செம்பு எங்கிருந்து வந்தது, கலவை ஏன் மாறியது, எந்தப் போர் எந்த நாணயச்சாலையை மூடியது என்பவையெல்லாம் கையிலுள்ள காசோடு வந்து சேரும்.

பின்பக்க எழுத்து மஞ்சு மொழி எழுத்து. சிங் அரசர்கள் மஞ்சுக்கள். அவர்களுடைய எழுத்து மேலிருந்து கீழாக, ஒரு முதுகுத்தண்டைச் சுற்றிப் பற்களும் வளையங்களுமாக இறங்கும். யோங்ஜெங் காலத்திலிருந்து பெரும்பாலான நாணயச்சாலைகள் ஒரே அமைப்பைப் பின்பற்றின. துளையின் இடப்பக்கம் 'போ' என்ற சொல். 'செல்வம்' என்னும் பொருள்கொண்ட சீன 'பாவ்'தான் மஞ்சு எழுத்தில் இப்படி வருகிறது. குமிழ்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தது போன்ற இந்த வடிவம் எப்போதும் மாறாது. வலப்பக்கச் சொல்லே நாணயச்சாலையின் பெயர்.

முதலில் இரண்டு பெயர்களை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பெய்ஜிங் நகரில் இரண்டு நாணயச்சாலைகள் இருந்தன. வருவாய் அமைச்சகத்தினுடையது 'சியோவான்', பொதுப்பணி அமைச்சகத்தினுடையது 'யுவான்'. கைக்கு வரும் காசுகளில் மிகப் பல இவ்விரண்டிலிருந்து வந்தவையாகவே இருக்கும். இரண்டும் ஒரே வகை வாலில் முடிவதால் முதல் பார்வையில் இரட்டையர் போலத் தோன்றும். மஞ்சு எழுத்தில் 'ஒ' ஒலியையும் 'உ' ஒலியையும் பிரிப்பது தண்டின் அருகே வைக்கும் ஒரு புள்ளிதான். ஆகவே 'யுவான்' என்ற சொல்லின் வலப்புறம் ஒரு புள்ளி இருக்கும். 'சியோவான்' சொல்லில் இருக்காது. தேய்ந்த காசில் இந்தப் புள்ளி முதலில் அழிந்துவிடக்கூடும் என்பதால், சொல்லின் தலைப்பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

அடுத்ததாக சுஜோவின் 'சு', ஜெஜியாங்கின் 'ஜெ', யுன்னானின் 'யுன்' ஆகிய மூன்றையும் கற்றால், சாதாரணக் கலவைக் குவியல் ஒன்றில் பாதிக்கு மேல் பிரித்துவிடலாம். யுன்னான் காசுகள் இவ்வளவு அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. நாகசாகி வழியாக வந்த ஜப்பானியச் செம்புக்கு 1715இல் ஜப்பான் கட்டுப்பாடு விதித்த பிறகு, சீனா தன் தென்மேற்கிலிருந்த யுன்னான் சுரங்கங்களை நம்பத் தொடங்கியது. அங்கிருந்து மலைப்பாதையிலும் யாங்சி ஆற்றிலும் பெருங்கால்வாயிலும் செம்பு பெய்ஜிங்கிற்குப் பயணம் செய்தது. சுரங்கத்தின் அருகிலேயே காசு வார்ப்பது இயல்பாக நடந்தது.

ஷுன்ஜி, காங்ஷி காலக் காசுகளின் பின்பக்கம் இதிலிருந்து வேறுபடும். ஷுன்ஜி காலத்தில் மட்டும் ஐந்து வகைப் பின்பக்கங்கள் உண்டு: எழுத்தே இல்லாதது, ஒரேயொரு சீன எழுத்து கொண்டது, வலப்பக்கம் ஊர்ப்பெயரும் இடப்பக்கம் 'ஒரு லி' என்ற வெள்ளி மதிப்பும் கொண்டது, இரு மஞ்சுச் சொற்கள் கொண்டது, இடப்பக்கம் மஞ்சுவும் வலப்பக்கம் சீனமுமாக ஒரே ஊரின் பெயரை இருமொழியில் தருவது. காங்ஷி காலத்தில் தலைநகர நாணயச்சாலைகள் மஞ்சு மட்டும் எழுத, மாகாண நாணயச்சாலைகள் இந்த இருமொழி வடிவத்தை எடுத்துக்கொண்டன. அந்த மாகாண எழுத்துகளைச் சேகரிப்பவர்கள் தாதோங், ஃபுஜோவ், லின்சிங், ஷாந்தோங், ஜியாங்னிங் என்று தொடங்கி வரிக்கு ஐந்தாக நான்கு வரிச் செய்யுள் போல அடுக்கி, மொத்தம் இருபதையும் நினைவில் வைக்கிறார்கள். இந்த இருபதையும் நிரப்புவது ஒரு தொடக்கச் சேகரிப்புக்கு மிக அழகான இலக்கு. ஆனால் அதில் தைவான் எழுத்து அரிது; மலிவாகக் கிடைத்தால் ஐயப்படுங்கள்.

காங்ஷி காசுகளிலேயே இன்னொன்றைத் தேடலாம். 1713இல் அரசரின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி வருவாய் அமைச்சக நாணயச்சாலை வார்த்த காசில், நான்கு புள்ளிகள் கொண்ட கீழெழுத்தின் இடமேல் பகுதியில் வழக்கமான ஒரு செங்கோடு விடுபட்டிருக்கும். புத்த மடத்து அர்ஹத் (ஞானம் பெற்ற துறவி; சீனத்தில் 'லுவோஹான்') சிலைகளின் பொன்னை உருக்கிக் கலந்து வார்த்தார்கள் என்று மக்கள் நம்பியதால் இதை 'லுவோஹான் காசு' என்று அழைத்துப் போற்றிவந்தனர். பொன் கதை நம்பிக்கை மட்டுமே. விடுபட்ட கோடு உண்மை. உருப்பெருக்கியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியும் உண்மையே.

மேற்கே ஷின்ஜியாங் காசுகள் தனி உலகம். அவை செம்பு மிகுந்தவை என்பதால் சிவந்திருக்கும். 1760இல் யார்க்கந்தில் தொடங்கிய இந்த வார்ப்பில், பின்பக்கத்தின் இடப்புறம் மஞ்சுவும் வலப்புறம் அரபு வரிவடிவில் துருக்கிய மொழியும் ஊர்ப்பெயரைத் தருகின்றன. சியான்லோங் நினைவைப் போற்றி அவருடைய பெயரிலேயே அங்கே பிற்காலத்திலும் வார்த்தார்கள். எனவே சிவப்பு சியான்லோங் காசுகளில் பல 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆட்சிப்பெயர் மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தலைநகரிலும் சிறிய அளவில் இது நேர்ந்தது. தாத்தா காங்ஷியைவிட நீண்ட காலம் ஆளக் கூடாது என்று கருதிச் சியான்லோங் அரியணை துறந்த பிறகும், 1799இல் அவர் இறக்கும்வரை அவருடைய காசும் மகனின் ஜியாசிங் காசும் சேர்ந்தே வார்க்கப்பட்டன.

எடை, விட்டம், நிறம்

எழுத்தைப் படித்த பின் அளவுகளைக் குறியுங்கள். 'சியென்' என்ற சீன எடை ஏறக்குறைய 3.7 கிராம். யோங்ஜெங் காலத் தொடக்கத்தில் ஒரு காசு 1.4 சியென், அதாவது சுமார் 5.2 கிராம், 1734இல் இது 1.2 சியென், அதாவது சுமார் 4.5 கிராமாகக் குறைக்கப்பட்டது. இவை சட்டப்படியான அளவுகள். கையிலுள்ள காசு தேய்மானத்தாலும் நாணயச்சாலையின் கைச்சுருக்கத்தாலும் இதற்குக் கீழே இருப்பது இயல்பு. நூற்றாண்டு நகர நகரக் காசு சிறுத்து மெலிகிறது. குவாங்ஷு காலக் காசை யோங்ஜெங் காசின்மேல் வைத்தால், கீழே உள்ளதன் விளிம்பு சுற்றிலும் வெளியே தெரியும்.

நிறமும் காலத்தைச் சொல்லும். 1740இல் அரசு கலவையை மாற்றி, நூற்றில் 50 பங்கு செம்பு, 41.5 பங்கு துத்தநாகம், 6.5 பங்கு ஈயம், 2 பங்கு வெள்ளீயம் என்று வகுத்தது. காசை உருக்கிப் பாத்திரம் செய்து விற்பது அன்று இலாபமான தொழிலாக இருந்தது. வெள்ளீயம் சேர்ந்த உலோகம் எளிதில் உடையும் என்பதால் அதைத் தட்டிப் பாத்திரமாக்க முடியாது என்று எண்ணினார்கள். 1740க்கு முந்தியவை மஞ்சளாகவும், பிந்தியவற்றில் பல சற்றுப் பசுமை கலந்த மங்கல் நிறத்திலும் தோன்றும்.

ஷியான்ஃபெங் காலப் பெருங்காசுகள்

தைப்பிங் கிளர்ச்சி நாட்டின் தென்பாதியைப் பற்றியெரிந்தபோது யுன்னான் செம்பு வடக்கே வர வழியின்றிப் போயிற்று. 1853 முதல் அரசு பத்து, ஐம்பது, நூறு, ஐநூறு, ஆயிரம் என்று மதிப்பிட்ட பெருங்காசுகளை வெளியிட்டது. முன்பக்கத்தில் 'தோங்பாவ்' என்பதற்குப் பதில் 'ஜோங்பாவ்' அல்லது 'யுவான்பாவ்' என்றிருக்கும். பின்பக்கத்தில் துளைக்கு மேலும் கீழும் மதிப்பு சீன எழுத்தில் வரும். கீழே தனியாக ஒரு கூட்டல் குறி நின்றால் அது பத்து. இரும்பிலும் காசு வார்த்த காலம் இது. உங்கள் காந்தம் நியாயமாக ஒட்டக்கூடிய காசுகள் இவையே.

வரலாற்றுச் செறிவில் இவற்றுக்கு இணையில்லை. போலிகளும் இவற்றில்தான் மிகுதி. சேகரிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நூறு மதிப்புள்ள ஒரு காசை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எழுத்து சரி, பச்சைப் பூச்சு அழகு, எடையும் கனம். சில மாதங்கள் கழித்து வேறொருவரிடம் அதே மதிப்புள்ள காசைக் கண்டபோது, என்னுடையதில் 'பாவ்' எழுத்தின் கூரைக்கு அருகே இருந்த ஊசிமுனைக் குழி அதே இடத்தில் அதே அளவில் அதிலும் இருந்தது. இரண்டும் ஒரே அச்சிலிருந்து எடுத்த புதிய நகல்கள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறவைத்தபோது பச்சை நிறம் நீரில் கரைந்து வந்தது.

உண்மையான வார்ப்பு எப்படி இருக்கும்

அன்று காசு செய்த முறை தெரிந்தால் போலியைப் பிடிப்பது எளிதாகும். தெளிவாகச் செதுக்கிய 'தாய்க்காசு'களை நுண்மணல் நிரப்பிய சட்டங்களில் அழுத்திப் பதிவெடுத்து, பதிவுகளை ஒரு வாய்க்காலால் இணைத்து உலோகத்தை ஊற்றினார்கள். ஆறியதும் கிளைகளில் காய்த்தது போலக் காசுகள் கொண்ட ஓர் உலோக மரம் கிடைக்கும். அவற்றை ஒடித்து, சதுரத் துளை வழியாக ஒரு சதுரக் கம்பியில் கோத்து, சுழலாமல் இறுக்கி, விளிம்புகளை மொத்தமாக அரத்தால் தேய்த்தார்கள். துளை சதுரமாக இருந்தது இதற்குப் பெரிதும் உதவிற்று.

ஆகவே விளிம்பைப் பாருங்கள். என் முன் இப்போது ஒரு சியான்லோங் காசு இருக்கிறது. பின்பக்கம் 'போ சியோவான்'. உருப்பெருக்கியின்கீழ் அதன் விளிம்பில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஓரிடத்தில் கீறல்கள் ஆழமாகி, வட்டம் மிகச் சிறிது தட்டையாகிறது. மரத்திலிருந்து ஒடித்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். துளையின் உட்புறச் சுவரில் மணலின் சொரசொரப்பு அப்படியே நிற்கிறது. கைபட்டுத் தேய்ந்தவை எழுத்தின் முகடுகளும் வெளி வரம்பும்தான். எழுத்தின் இடுக்குகளில் அழுக்கு கறுத்து உறைந்திருக்கிறது. புதிய போலியில் தேய்மானம் முகடுகளிலும் பள்ளங்களிலும் ஒரே சீராக இருக்கும், பரப்பில் சிறு குமிழிகள் தெரியும், எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், விளிம்பில் அரத்தின் தடம் இல்லாமல் வழவழப்போ நடுவில் ஒரு தையலோ காணப்படும்.

அன்றே கள்ளத்தனமாக வார்த்த சிறிய, மெல்லிய காசுகளும் உண்டு. அவை புழக்கத்தில் இருந்த உண்மையான பழம்பொருள்கள். அவற்றை ஒதுக்காமல் தனி உறையில் வையுங்கள்.

எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

முதலில் சியான்லோங், ஜியாசிங், தாவ்குவாங் காசுகள் கலந்த ஒரு சாதாரணக் குவியலை வாங்கி, மேலே சொன்ன முறையில் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். குவியலில் சீனமல்லாதவையும் வரும். பின்பக்கம் வெறுமையாகவோ அலைக்கோடுகளோடோ இருந்தால் அது ஜப்பானின் கன்எய் காசாக இருக்கலாம். வியட்நாமின் ஞுயென் அரசர்களுடைய காசுகளும், பின்பக்கம் சீன எழுத்துகள் கொண்ட கொரியக் காசுகளும் அடிக்கடி கலந்து கிடைக்கும். பின்பக்கம் மஞ்சு எழுத்து இருந்தால் சிங் என்ற விதி இங்கே பெரும்பாலும் கைகொடுக்கும்.

சிவப்புக் கயிற்றில் கட்டி, மனையடி நம்பிக்கைக்காக விற்கும் 'ஐந்து அரசர் காசு'த் தொகுதிகளை வாங்காதீர்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றைய வார்ப்புகள். டிராகன் உருவம் பொறித்த வெள்ளி டாலர்களையும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். 1889இல் குவாங்ஜோவில் பர்மிங்ஹாமிலிருந்து வந்த இயந்திரங்களால் காசு அச்சிடத் தொடங்கினார்கள். அந்த இயந்திரக் காசுகள் துளை உள்ளவை, மஞ்சள் நிறத்தவை, கூர்மையான எழுத்துடையவை, விலையும் குறைவு. 1900 முதல் அங்கே வெளிவந்த துளையில்லாத பத்துக் காசுச் செப்பு நாணயங்களும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. வெள்ளியில் மட்டும் போலி செய்பவரின் திறமை புதியவரின் கண்ணை மிஞ்சிவிடுகிறது.

சீனாவுக்குச் செல்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வரலாற்று மதிப்புள்ள, 1911ஆம் ஆண்டும் அதற்கு முன்பும் செய்யப்பட்ட பொருள்களை அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது கொள்கையளவில் தடைசெய்யப்பட்டுள்ளது.

சுத்தம் செய்தல், பாதுகாத்தல், குறித்துவைத்தல்

புளி, எலுமிச்சை, பித்தளை மெருகுப் பொடி ஆகியவற்றை இந்தக் காசுகளின் அருகே கொண்டுவர வேண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவது போல ஒருமுறை துலக்கிவிட்டால், இருநூறு ஆண்டுகளில் படிந்த மேற்படிவம் போய்விடும்; அதைத் திரும்பப் பெறவே முடியாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, மென்மையான தூரிகையாலும் பல்குத்தும் மரக்குச்சியாலும் மெதுவாக நீக்கி, முற்றிலும் உலர்த்துங்கள். வெளிர்பச்சையாகப் பொடிபோல உதிரும் புள்ளிகள் தோன்றினால் அது உலோகத்தை அரிக்கும் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் வாழ்பவர்கள் எல்லாக் காசுகளுக்குமே இப்படிச் செய்வது நல்லது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் காசின்மேல் பசை போன்ற பச்சைப் படலத்தை உண்டாக்கும் என்பதால், அட்டை உறைகளையோ அமிலமற்ற தாள் உறைகளையோ பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு உறையின்மேலும் ஆட்சிப்பெயர், நாணயச்சாலை, விட்டம், எடை, வாங்கிய நாள், விலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். நாணயச்சாலையின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பின்பக்க எழுத்தைப் பார்த்தபடி கையால் வரைந்துவைத்து, அடுத்த காசுக்குச் செல்லுங்கள். ஐம்பது காசுகளைப் பார்த்த பிறகு அந்த உறையை மீண்டும் எடுத்துச் சாய்ந்த ஒளியில் பிடித்தால், முன்பு கோடுகளாகத் தெரிந்தது பல சமயம் பெயராகப் படிந்துவரும்.